எடை தூக்குபவர் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிட வேண்டும்? முழுமையான வழிகாட்டி

ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சாப்பிடணும் தம்பி. ஒரு நாளைக்கு ஆறு வேளை. இல்லாட்டி உடம்பு ஏறாது." சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் காலை எட்டு மணிக்குப் பஸ்ஸைப் பிடித்து, மதியம் டப்பா சாப்பாடு சாப்பிட்டு, ராத்திரி ஏழு மணிக்கு ஜிம்முக்கு வருகிற ஒருவரால் ஆறு வேளைச் சாப்பாட்டை ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. முடியாமல் போனதும் அவர் ஆறு வேளையை மட்டும் விடுவதில்லை, சாப்பாட்டைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறார். மாதக்கணக்கில் ஒழுங்காக எடை தூக்கியும் சட்டை அளவு மாறாமல் நிற்பவர்கள் பலருக்கும் சிக்கல் இங்கேதான்.

அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வேளை போதும். நான்கு இருந்தால் நல்லது. அதற்கு மேல் போவது உங்கள் பசியையும் வசதியையும் பொறுத்தது. ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு புரதம், எவ்வளவு கலோரி உள்ளே போகிறது என்பதுதான் தசை வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. அந்தப் புரதம் ஒரே வேளையில் குவிந்துவிடாமல் நாள் முழுக்கப் பரவியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நம் வழக்கமான சாப்பாட்டில் இரண்டுமே இடிக்கிறது. வீட்டுச் சமையலை மாற்றாமலே அதைச் சரிசெய்யலாம்.

ஆறு வேளைக் கதை எங்கிருந்து வந்தது

போட்டிக்குப் போகும் பாடிபில்டர்கள் ஆறேழு வேளை சாப்பிடுவது உண்மை. நாளைக்கு 4000 கலோரிக்கு மேல், அதுவும் பெரும்பாலும் சோறும் கோழியுமாகச் சாப்பிட வேண்டியவர்கள் அவர்கள். அதை மூன்று தட்டில் வைத்தால் வயிறு தாங்காது, அதனால் பிரிக்கிறார்கள். அளவுக்காக அவர்கள் செய்ததை, தசை வளரும் ரகசியம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கூடவே ஒட்டிக்கொண்டது 'அடிக்கடி சாப்பிட்டால் மெட்டபாலிசம் (உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகம்) கூடும்' என்ற பேச்சு. சாப்பிட்டதைச் செரிக்க உடம்பு கொஞ்சம் சக்தி செலவழிக்கிறது என்பது சரிதான். சாதாரணக் கலவைச் சாப்பாட்டில் அது சுமார் 10 சதவீதம். ஒரு நாளைக்கு 2400 கலோரி சாப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 800, செரிமானச் செலவு 80. மூன்று வேளைக்கும் சேர்த்து 240. ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 400, செலவு 40. ஆறுக்கும் சேர்த்து அதே 240. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அளவு கலோரிக் குறைப்பில் இருந்தவர்களில் ஒரு பிரிவினர் மூன்று வேளையும், இன்னொரு பிரிவினர் மூன்று வேளையோடு மூன்று நொறுக்குத் தீனியுமாக எட்டு வாரம் சாப்பிட்டார்கள். எடை குறைந்ததில் வித்தியாசம் இல்லை.

இரண்டு மணி நேரம் சாப்பிடாவிட்டால் தசை கரைந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. சோறு, குழம்பு, கோழி என்று ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டால் அதிலுள்ள புரதம் உடைந்து உண்டாகும் அமினோ அமிலங்கள் பல மணி நேரம் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டவருக்கு நாலு மணிக்கு எந்த ஆபத்தும் வந்துவிடாது.

'ஒரு தடவைக்கு 30 கிராம் புரதம்தான் ஏறும்' என்பது சரியா

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வேளைகளைப் பிரிக்கும் கணக்கே இதில்தான் நிற்கிறது.

குடல் உறிஞ்சுவது வேறு, தசை கட்டப் பயன்படுவது வேறு. நீங்கள் 60 கிராம் புரதம் சாப்பிட்டாலும் குடல் அதை மெதுவாக உறிஞ்சிக்கொள்ளும். அளவு கூடிவிட்டதால் எதுவும் வீணாக வெளியே போய்விடுவதில்லை. இந்த மாதிரி எல்லைக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவதில் ஒன்று, 2009-ல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு. கால் பயிற்சி செய்த இளைஞர்களுக்கு முட்டைப் புரதத்தை வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 20 கிராமுக்கு மேல் 40 கிராம் கொடுத்தபோது தசை உருவாகும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. 2013-ல் இன்னொரு குழு, பாலிலிருந்து எடுக்கும் வே புரதம் 80 கிராமைப் பயிற்சிக்குப் பிந்தைய 12 மணி நேரத்துக்குள் மூன்று விதமாகப் பிரித்துக் கொடுத்தது: 10 கிராம் எட்டுத் தடவை, 20 கிராம் நான்கு தடவை, 40 கிராம் இரண்டு தடவை. நான்கு தடவையாகக் கொடுத்ததே நன்றாக வேலை செய்தது. ரொம்பச் சின்னச் சின்னதாக எட்டுத் தடவை கொடுத்தது அந்த அளவுக்கு உதவவில்லை என்பதை ஆறு வேளைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

அப்புறம் 2023-ல் நெதர்லாந்தில் வந்த ஆய்வு கதையை மாற்றியது. பயிற்சிக்குப் பிறகு ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்து 12 மணி நேரம் கவனித்தார்கள். 25 கிராம் குடித்தவர்களைவிட அவர்களிடம் தசை உருவாக்கம் அதிகமாகவும் நீண்ட நேரமும் நடந்தது. பெரிய சாப்பாட்டை உடம்பு மெதுவாக, நீண்ட நேரம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆக, ஒரு வேளைக்கு இவ்வளவுதான் என்று கண்டிப்பான எல்லை ஏதும் கிடையாது. ஆனாலும் பிரித்துச் சாப்பிடுவதே நடைமுறைக்கு நல்லது என்பது என் கருத்து. ராத்திரி ஒரே வேளையில் 100 கிராம் புரதம் சாப்பிட, சுத்தம் செய்த மத்தி மீன் அரைக் கிலோவாவது வேண்டியிருக்கும், யாரால் தினமும் முடியும்?

சரி, இனி படிப்படியாகப் போவோம்.

படி 1: உங்கள் கலோரி அளவைக் கண்டுபிடியுங்கள்

உட்கார்ந்து வேலை பார்த்து, வாரம் நான்கு நாள் எடை தூக்குபவர் என்றால், உங்கள் எடையை 30 முதல் 33 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்குங்கள். 70 கிலோ உள்ளவருக்கு 2100 முதல் 2300 வரை வரும். இது எடை மாறாமல் இருக்கத் தேவையான தோராய அளவு. மூட்டை தூக்கும் வேலை, கட்டட வேலை, நாள் முழுக்க வண்டியில் டெலிவரி என்றால் இன்னும் அதிகம் வேண்டும்.

உடம்பு ஏற வேண்டும் என்றால் இதோடு 250 சேர்த்துக்கொள்ளுங்கள். தொப்பை குறைய வேண்டும் என்றால் 400 குறையுங்கள். 1000 கலோரி குறைத்து ஒரே மாதத்தில் மெலியப் பார்ப்பவர்கள் கொழுப்போடு தசையையும் சேர்த்து இழக்கிறார்கள். இந்தக் கணக்கு தொடக்கப் புள்ளி மட்டும்தான். இரண்டு வாரம் கழித்து எடை எந்திரம் சொல்வதே உண்மை.

படி 2: புரத இலக்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சாதாரண ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். எடை தூக்குபவருக்கு அது போதாது. 2018-ல் 49 ஆய்வுகளை, 1863 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் வரை பலன் கூடிக்கொண்டே போகிறது, அதற்கு மேல் சராசரியாகப் பெரிதாகக் கூடவில்லை என்றது. கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு 2.2 மேல் எல்லை.

70 கிலோவுக்கு 1.6 என்றால் 112 கிராம். 55 கிலோ உள்ள பெண்ணுக்கு 88. கிலோக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். 100 கிலோவுக்கு மேல் உடல் பருமனோடு இருப்பவர்கள் இப்போதைய எடையை வைக்காமல், போய்ச் சேர நினைக்கும் எடையை வைத்துக் கணக்கிடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்த அளவுக்குப் புரதம் எடுக்கக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது வெளியே தெரியாமலே இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் முதலில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரில் புரதமும் பரிசோதித்து, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த அளவு கெடுதல் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை.

படி 3: இப்போது சாப்பிடுவதை எழுதிப் பாருங்கள்

வழிகாட்டியில் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். மூன்று நாள் போதும். வாய்க்குள் போனதையெல்லாம் போனில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் தாங்கள் சாப்பிடும் புரதத்தை இரண்டு மடங்காக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் வெகு சாதாரணமான ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்ப்போம். காலையில் 4 இட்லி, இட்லிக்கு 2 கிராம் வீதம் 8. சாம்பார் 3, தேங்காய்ச் சட்னி 1. ஆக 12 கிராம். பதினொரு மணி டீயும் இரண்டு பிஸ்கட்டும் 3. மதியம் 300 கிராம் வெந்த சோற்றில் 8, சாம்பாரில் 4, பொரியலில் 2, ஒரு சின்னக் கிண்ணம் தயிரில் 3, மொத்தம் 17. மாலையில் டீ, இரண்டு பஜ்ஜி சேர்த்து 5. இரவு 3 தோசை, சட்னி, 10 கிராம். கூட்டினால் 47.

வயிறு நிறைந்த நாள்தான், கலோரியும் குறையவில்லை. ஆனால் 70 கிலோ உள்ளவருக்குப் பொதுப் பரிந்துரையான 58 கிராமுக்கே இது போதவில்லை. எடை தூக்குபவருக்கு வேண்டிய 112-ல் பாதிகூட வரவில்லை. 'தினமும் சாம்பார் இருக்கே' என்பார்கள். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு வைக்கும் சாம்பாரில் 100 கிராம் துவரம் பருப்பு போடுவார்கள். ஒருவர் பங்குக்கு 25 கிராம் பருப்பு, அதில் ஐந்தரை கிராம் புரதம். அதுவும் கரண்டியை அடியில் விட்டுப் பருப்போடு எடுத்து ஊற்றினால்தான் கிடைக்கும். மேலாக மொண்டால் புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான் தட்டுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டன், பிரியாணி என்று சாப்பிட்டு வாரம் முழுவதையும் ஈடுகட்டவும் முடியாது. கொழுப்பைச் சேமிப்பது போல் உடம்பு புரதத்தைச் சேமித்து வைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் பெண்களுக்கு மீன் துண்டோ முட்டையோ மிஞ்சுவதே இல்லை, குழம்புதான் மிஞ்சும். உங்கள் வீட்டில் எடை தூக்கத் தொடங்கியிருக்கும் பெண் இருந்தால், அவர் பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 4: வேளைகளாகப் பிரியுங்கள்

ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 0.4 கிராம் என்று வைத்துக்கொண்டால் நான்கு வேளையில் 1.6 வந்துவிடும். 70 கிலோவுக்கு வேளைக்கு 28 கிராம். மூன்று வேளைதான் முடியும் என்றால் வேளைக்கு 37. வயது நாற்பதைத் தாண்டியவர்கள் வேளைக்கு 0.4-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வயது ஏற ஏற, அதே தூண்டுதலைப் பெறத் தசைக்குக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது.

வீட்டில் அம்மாவோ மனைவியோ சமைப்பதை மாற்றச் சொல்லாதீர்கள். ஓட்ஸும் புரொக்கோலியும் வாங்கிக் குவித்தால் பத்து நாளில் அலுத்துவிடும். இருக்கிற தட்டில் ஒன்றைச் சேருங்கள், சோற்றையோ தோசையையோ கொஞ்சம் குறையுங்கள். அதே நாள் இப்போது இப்படி ஆகிறது:

காலை: 3 இட்லி, கெட்டிச் சாம்பார், 3 அவித்த முட்டை. சுமார் 29 கிராம்.

மதியம்: 250 கிராம் சோறு, சாம்பார் அல்லது குழம்பு, 100 கிராம் மத்தி மீன், ஒரு கிண்ணம் தயிர். சுமார் 34.

மாலை: 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல், ஒரு டம்ளர் பால். 18.

இரவு: 2 தோசை, 120 கிராம் கோழி. 32.

மொத்தம் 113. சமையலறையில் கூடியது மூன்று முட்டை, கொஞ்சம் மீன், கொஞ்சம் கோழி, ஒரு பிடி கடலை, ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். மத்தியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வஞ்சிரம் விற்கிற விலைக்கு மத்தியும் நெத்திலியும் எவ்வளவோ மலிவு. புரதம் ஏறக்குறைய அதே அளவு, ஒமேகா-3 கொழுப்பும் தாராளம்.

சைவம் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும், ஆனால் முடியும். சைவர்களுக்கு மலிவான ஆயுதம் மீல் மேக்கர். உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம். காலையில் இட்லிக்குப் பதில் அடை: ஒருவர் பங்கில் 60 கிராம் பருப்பு இருக்கும்படி அரைத்தால் அரிசியோடு சேர்த்து 17 கிராம், ஒரு டம்ளர் பால் சேர்த்தால் 25. மதியம் சோற்றோடு பருப்பு தூக்கலான கூட்டு, 30 கிராம் மீல் மேக்கர் வறுவல், தயிர் என்றால் 34. மாலையில் அதே சுண்டலும் பாலும் 18. இரவு 2 சப்பாத்தி, 100 கிராம் பன்னீர், 25. படுக்கும் முன் ஒரு பெரிய கிண்ணம் தயிர் 7. ஆக 109. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. இட்லி, அடை, பொங்கல் மூன்றிலும் இந்தச் சேர்க்கை ஏற்கெனவே இருக்கிறது. விகிதத்தில் பருப்பைக் கூட்டினால் போதும்.

வேர்க்கடலையை மட்டும் புரதம் என்று நம்பிச் சாப்பிடாதீர்கள். 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு. கூடவே 560 கலோரிக்கு மேல் வருகிறது. எடை ஏற்ற நினைப்பவருக்கு அருமை, குறைக்க நினைப்பவருக்கு ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டிய பொருள்.

படி 5: பயிற்சி நேரத்துக்குப் பொருத்துங்கள்

பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் புரோட்டீன் குடிக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று பதறுபவர்களை லாக்கர் அறையில் பார்க்கலாம். 2013-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, நாளின் மொத்தப் புரதத்தைச் சமமாக வைத்துப் பார்த்தால் இந்த நேரக் கணக்கின் பலன் மறைந்துவிடுகிறது என்று காட்டியது. பயிற்சிக்கு முன்னால் ஒரு புரத வேளை, பின்னால் ஒன்று, இரண்டுக்கும் இடையே நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் போகாமல் இருந்தால் போதும். நிதானமாக வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிடலாம்.

காலை ஐந்தரைக்கே ஜிம்முக்குப் போகிறவர்களால் இந்த இடைவெளியைக் கடைப்பிடிக்க முடியாது; அவர்களுக்கு முந்தின இரவுச் சாப்பாடுதான் பயிற்சிக்கு முந்தைய வேளை. அதில் நல்ல புரதம் இருக்கட்டும். காலையில் ஒரு வாழைப்பழம், ஒரு கடுங்காப்பி, தண்ணீர். ஏழரைக்கு முழுக் காலை உணவு. வெறும் வயிற்றோடு போய்த் தலை சுற்றுகிறவர்கள் இரண்டு பேரீச்சம்பழமாவது போட்டுக்கொள்ளுங்கள்.

மாலை ஏழு மணிக்காரர்கள் தடுமாறும் இடம் ஐந்து மணி. மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டது இறங்கியிருக்கும், அலுவலகத்தில் கிடைப்பது சமோசாவும் டீயும். எண்ணெய்ப் பலகாரம் வயிற்றிலேயே நிற்கும். ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) குனியும்போது நெஞ்செரிச்சலாகத் திரும்பி வரும். சுண்டல் டப்பாவைக் காலையிலேயே பையில் போட்டுக்கொள்வதுதான் வழி. முடியாவிட்டால் பொட்டுக்கடலை மாவு 40 கிராமை உப்புப் போட்டு மோரில் கலக்கிக் குடியுங்கள்; மாவிலிருந்து மட்டும் 8 கிராம் புரதம், இரண்டு நிமிட வேலை. ஐந்து மணிக்கு மேல் ஃபில்டர் காபி வேண்டாம். காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் ஆகும், தூக்கம் கெட்டால் சாப்பாட்டுக் கணக்கெல்லாம் உதவாது.

ஒன்பதரைக்கு ஜிம்மை விட்டு வெளியே வந்து, அறையில் சமைக்க வழியில்லாமல் ஹாஸ்டலிலோ பிஜியிலோ இருப்பவர்களுக்குப் பரோட்டாக் கடையே கதி. அங்கேயும் வழி உண்டு. மூன்று முட்டை ஆம்லெட் ஒன்று, அல்லது சிக்கன் சுக்கா ஒரு பிளேட், அதோடு இரண்டு இட்லியோ தோசையோ. பரோட்டா ஆசை இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு சுக்காவை முன்னால் வையுங்கள். கொத்து பரோட்டாவில் எண்ணெயும் மைதாவும் எவ்வளவு என்று கடைக்காரராலேயே சொல்ல முடியாது.

இரவு ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பவர்கள் படுக்கும் முன் பால், தயிர் அல்லது பன்னீர் எடுத்துக்கொள்ளலாம். பால் புரதத்தில் பெரும்பகுதியான கேசின் மெதுவாகச் செரிப்பது. தூக்கத்தில் அது உறிஞ்சப்பட்டுத் தசைக்குப் பயன்படுவதை 2012 ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. பத்து மணிக்குக் கோழி சாப்பிட்டவருக்கு இது தேவையில்லை.

படி 6: சோறும் எண்ணெயும்

சோற்றை எதிரியாகப் பார்க்க வேண்டாம். எடை தூக்கத் தசை எரிப்பது பெரும்பாலும் கிளைக்கோஜனை, அதாவது தசையில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை. அது மாவுச்சத்திலிருந்து வருகிறது. கொழுப்புக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் ஒதுக்கிவிட்டு, புரதமும் கொழுப்பும் போக மிஞ்சும் கலோரியைச் சோறு, இட்லி, பழம், கிழங்கு என்று நிரப்பிக்கொள்ளுங்கள். 70 கிலோவுக்கு, எடை ஏற்றும் காலத்தில், இது நாளைக்கு 350 முதல் 400 கிராம் மாவுச்சத்து வரை போகும். எடை குறைக்கும்போது முதலில் குறைய வேண்டியது இரண்டாம் முறை போடும் சோறும் டீயில் போடும் சர்க்கரையும். புரதத்தில் கை வைக்காதீர்கள். பயிற்சியை ஒட்டிய வேளைகளில் சோறு கொஞ்சம் கூட இருக்கட்டும்.

சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் 120 கலோரி. தோசைக்கு இரண்டு பக்கமும் ஊற்றுவதைக் கணக்கில் எடுக்காதவர்களே 'கம்மியாத்தான் சாப்பிடறேன், எடை குறையலை' என்கிறார்கள்.

படி 7: விரதமும் நோன்பும்

புரட்டாசி வந்தால் பல வீடுகளில் மீன் சட்டி மேலே ஏறிவிடும். முட்டையும் கிடையாது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஒரு மாதம். அசைவத்தை நிறுத்தியவர்கள் அந்த இடத்தில் எதையும் வைக்காமல் சாம்பாரோடு விட்டுவிட்டால் நாளைக்கு 60 கிராம் புரதம் காணாமல் போகும். மேலே சொன்ன சைவ நாளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: மீல் மேக்கர், பன்னீர், தயிர், அடை. நவராத்திரியும் இந்தச் சமயத்தில்தான் பெரும்பாலும் வரும். ஒன்பது நாளும் வகை வகையாகச் சுண்டல் கிடைக்கும். வாங்கிச் சாப்பிடுங்கள்.

ரமலான் நோன்பு வைப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரமே இரவுக்கு மாறுகிறது. இங்கேதான் ஆறு வேளைக் கொள்கை அறவே உடைகிறது. 2016-ல் இத்தாலியில் பழக்கமான எடை தூக்குபவர்கள் 34 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பிரிவினர் எட்டு வாரம் தினமும் எட்டு மணி நேரத்துக்குள் மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்தார்கள். அவர்கள் தசையையும் பலத்தையும் இழக்கவில்லை, கொழுப்பு குறைந்தது. நோன்பில் பகலில் தண்ணீரும் இல்லை என்பதால் அது இதைவிடக் கடினம், பயிற்சியில் செட்டுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டை மூன்றாகப் பிரியுங்கள். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. கஞ்சியில் அரிசிதான் அதிகம் என்பதால் இரண்டு முட்டையோ கொஞ்சம் கோழியோ கூட வேண்டும். இரவில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு முழுச் சாப்பாடு. சஹரில் (விடியலுக்கு முன் சாப்பிடும் வேளை) தயிர், முட்டை, ரொட்டி, நிறையத் தண்ணீர். சஹரைத் தூக்கத்துக்காக விட்டுவிடுபவர்களே மாத முடிவில் மெலிந்து போகிறார்கள். பயிற்சியை நோன்பு திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

படி 8: பவுடர், பச்சை முட்டை, மற்றவை

வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து எடுத்த புரதம். ஒரு ஸ்கூப்பில் சுமார் 24 கிராம். சாப்பாட்டில் எட்ட முடியாத நாளில் வசதியான பொருள், அவ்வளவே. வாங்குவதானால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், இறக்குமதியாளர் விவரம், சீல் எல்லாம் பார்த்து வாங்குங்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். பலம் கூட்டுவதற்காக எடுக்கும் கிரியாட்டின் பவுடர் என்றால் நாளைக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்தில் எடுத்தாலும் சரி. அதை எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும்.

பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். 1998-ல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள்: வேகவைத்த முட்டைப் புரதத்தில் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். பாதியை வீணாக்குவதோடு, சால்மொனெல்லா கிருமி வரும் ஆபத்தும் இருக்கிறது. மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுவதும் தேவையில்லாதது. ஒரு முட்டையின் 6 கிராம் புரதத்தில் இரண்டரை கிராமுக்கு மேல் மஞ்சளில்தான் இருக்கிறது. கொலஸ்ட்ரால் பிரச்சினைக்கு மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதைக் கேளுங்கள். மற்றவர்கள் நாளைக்கு இரண்டு மூன்று முழு முட்டை சாப்பிட்டு, அதற்கு மேல் வேண்டுமானால் வெள்ளைக் கரு சேர்க்கலாம்.

படி 9: இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள்

காலையில் எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, தண்ணீர்கூடக் குடிக்காமல், வாரத்தில் மூன்று நாளாவது எடை பாருங்கள். மூன்றின் சராசரிதான் அந்த வாரத்து எடை. ஒரு நாள் எடையைப் பார்த்துச் சந்தோஷமோ வருத்தமோ படாதீர்கள்; முந்தின இரவு ஊறுகாய் சாப்பிட்டாலே தண்ணீர் தேங்கி அரைக் கிலோ ஏறிக் காட்டும்.

உடம்பு ஏற்றுபவருக்கு வாரம் 0.25 முதல் 0.5 சதவீதம் ஏறினால் சரி. 70 கிலோவில் 175 முதல் 350 கிராம். அதைவிட வேகமாக ஏறினால் இடுப்பு அளவைப் பாருங்கள், கொழுப்பு சேர்ந்துகொண்டிருக்கும். குறைப்பவருக்கு வாரம் 0.5 முதல் 1 சதவீதம் இறங்கலாம். இரண்டு வாரம் சராசரி அசையவே இல்லை என்றால் 150 கலோரி கூட்டவோ குறைக்கவோ வேண்டும்: ஏற்றுபவர் மாலையில் ஒரு டம்ளர் பாலைச் சேர்க்கலாம், குறைப்பவர் இரவில் ஒரு தோசையை விடலாம். புரதமும் வேளைகளின் எண்ணிக்கையும் அப்படியே இருக்கட்டும். பெண்கள் மாதவிடாய்க்கு முன்பு ஏறும் எடையைக் கணக்கில் எடுக்காமல், ஒரு மாதத்து எடையை முந்தின மாதத்து அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.